வெயிலாபீஸில் ஓர் ஒற்றைப் புள்ளி

சூரியனில் எங்காவது ஒரு காந்தப் புள்ளி ஜோடி இல்லாமல் நின்றால் அதை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். அதற்கென்று தலைமை அலுவலகத்தில் சீதாபதி என்று ஒருவர் இருந்தார். துணியும் வாளியும் அலுவலகமே கொடுத்திருந்தது.

செங்கட்டிக்குளத்து வெயிலாபீஸுக்கு அவர் வரவேண்டிய தேவை அதுவரை ஏற்பட்டதில்லை. வெயிலாபீஸ் என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். குளத்தின் நட்டநடுவில் வெள்ளையடித்த ஒரு கோபுரம், அவ்வளவுதான். தரை சுட்டால் அதன் மேலுள்ள காற்று நடுங்கும், காற்று நடுங்கினால் சூரியனும் நடுங்கும். தண்ணீர் அத்தனை சீக்கிரம் சூடேறாது என்பதால் குளத்துக்குள்ளேயே கட்டிவிட்டார்கள். உச்சியில் விழும் வெயிலைக் கண்ணாடிகள் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இருட்டறைக்குக் கொண்டுவந்து, ஒரு வெள்ளை மேசையின் மேல் இறக்கி வைக்கும். அங்கே சூரியன் ஒரு முறத்தின் அகலத்துக்குக் கிடக்கும். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சண்முகவடிவு அதைப் பார்ப்பாள். பார்ப்பதுதான் அவளுக்கு உத்தியோகம்.

பார்வைக்கு அது சோறு கொதிக்கிற மாதிரிதான். பருக்கை பருக்கையாக மேலே வரும், விரியும், அமுங்கும். பருக்கைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளில் காந்தப் புள்ளிகள் ஒதுங்கி நிற்கும், மழைக்கு ஒதுங்கினவர்களைப் போல. புள்ளி என்று பேரே தவிர, ஒன்றின் இந்த ஓரத்தைத் திருநெல்வேலி என்று வைத்துக்கொண்டால் அந்த ஓரம் சாத்தூர். வடிவின் கருவியில் வடக்கு வெள்ளையாகவும் தெற்கு கறுப்பாகவும் தெரியும். ஒரு வெள்ளை இருந்தால் கூடவே ஒரு கறுப்பு இருக்கும். இரண்டும் ஒரே வளைவின் இரண்டு கால்கள். பால் பொங்குகிற நேரம் இருப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். வடிவு அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த ஜோடியைப் பார்ப்பாள். நிம்மதியான வேலை. யாரோடும் பழகிப் பிறகு வருத்தப்பட வேண்டியதில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, ஒரு வெள்ளைப் புள்ளி தனியாக நின்றது.

வடிவு சுற்றுமுற்றும் பார்த்தாள். கறுப்பு எதுவும் இல்லை. சரி, போகிறவரைக்கும் இருக்கட்டும் என்று டீ போடப் போனாள். டீயோடு திரும்பி வந்தபோதும் அது இருந்தது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள், இருந்தது. மறுநாள் காலையில் தோணியிலிருந்து இறங்கி நேரே இருட்டறைக்குப் போனாள். அப்போதும் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் யாரும் காத்திருந்ததில்லை.

"இன்னும் போகலியா நீ?" என்று கேட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து காலையில் "வந்துட்டேன்" என்பதும் சாயங்காலம் "நாளைக்கு வாரேன்" என்பதும் பழக்கமாகிவிட்டது.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. இருட்டறைக்கு வெளியே சுவரில் நீல எழுத்தில், 'காந்தத்தில் ஒற்றை கிடையாது' என்று எழுதியிருந்தது. வடிவு முறைப்படி தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொன்னாள். சீதாபதிதான் எடுத்தார். சாந்தமான குரல்.

"ஜோடி இருக்காம்மா?"

"தேடிக்கிட்டிருக்கேன் சார்."

"நல்லாத் தேடுங்க. சூரியன் திரும்பிட்டே இருக்கு பாருங்க, புள்ளி ஓரத்துக்குப் போயிட்டா எனக்குக் கை எட்டாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றேன். அதுக்குள்ள ஜோடி கிடைச்சிட்டா ரொம்ப சந்தோஷம். துடைக்கிறதுல எனக்கு ஒண்ணும் ஆசை கிடையாதும்மா."

வடிவு சூரியனை ஓரத்திலிருந்து ஓரம்வரை தேடினாள். சந்து சந்தாகப் பார்த்தாள். ஒரு கட்டத்தில், விரலில் கண்மையைத் தொட்டு, பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி, புள்ளியின் பக்கத்தில் ஒரு கறுப்பு வைத்தும் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் சூரியன் ஒரு நூல் நகர்ந்திருந்தது, மை வைத்த இடத்திலேயே நின்றது. முந்தானையால் அழித்துவிட்டாள்.

சூரியனில் இல்லையென்றால் மறுகால் வேறெங்கோ ஊன்றியிருக்கிறது என்று அர்த்தம். வளைவு நீளமாக இருந்தால் கால் எங்கே வேண்டுமானாலும் இறங்கும். தினமும் அவளைத் தோணியில் கொண்டுவந்து விடும் கொம்பையாவிடம் இதைச் சொன்னாள். அவர் துடுப்பை நிறுத்தாமல் யோசித்தார்.

"அம்புட்டு வெளிச்சத்துல நிக்கப் பிடிக்காம எறங்கியிருக்கும். நம்மூர்ல நெழலு உண்டும்லா. கோயில் மைக்ல சொல்லச் சொல்லுவோம்."

அன்று சாயங்காலமே கோயில் மைக்கில் சொன்னார்கள். 'ஊர்ப் பொதுமக்கள் கவனத்துக்கு. ஜோடி இல்லாமல் ஒற்றையாக இருப்பவர்களும், ஒற்றையாகக் கிடக்கும் பொருட்களை வைத்திருப்பவர்களும் நாளைக் காலை படித்துறைக்கு வரவும். வெயிலாபீஸ் வடிவம்மா திசைகாட்டி முள் வைத்துப் பார்ப்பார்கள்.'

வீட்டில் செண்பக மதினி அரிசி களைந்துகொண்டே இதைக் கேட்டாள். வடிவு இருப்பது அண்ணன் வீட்டு மாடி அறையில். மதினிக்கு அவள் கல்யாணம் ஆகாமல் இருப்பது தொண்டையில் மாட்டின முள்.

"கேட்டேளா," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "வானத்துல கெடக்க புள்ளிக்கு ஜோடி தேட மைக்கு வைக்காவ. ஒங்க தங்கச்சிக்கு நான் இருவது வருசமாத் தேடுதேன், ஒரு நாள் ஒரு மைக்கு வச்சாவளா?"

"அதுக்கு நான்லா சம்மதிக்கணும் மதினி," என்றாள் வடிவு.

"ஒத்தையில கெடந்து என்னத்தக் கண்டே?"

"தூக்கம் நல்லா வருது."

மறுநாள் படித்துறையில் நல்ல கூட்டம். கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி, தெற்கு முகமாக வடிவு மேல்படியில் நின்றாள். உள்ளங்கையில் திசைகாட்டி. எதிரில் வருகிற ஆளோ பொருளோ அந்தத் தெற்குக் காலாக இருந்தால் முள்ளின் வடக்கு நுனி அவர்கள் பக்கம் திரும்பும். இல்லாவிட்டால் வடக்கையே காட்டும். வடக்கு வடிவுக்குப் பின்னால் இருந்தது, அதனால் முள் அவளைப் பார்த்தபடி நின்றது.

ஒற்றைச் செருப்புகள்தான் அதிகம். பஜனை மடத்திலிருந்து ஒரு கைத்தாளம் வந்தது, அதன் ஜோடி குளத்தில் விழுந்துவிட்டதாம். உரல் இல்லாத குழவி. கம்மல் ஒன்று. கூட்டாளியைச் சந்தையில் விற்றுவிட்ட பிறகு தீவனம் எடுக்காத ஒரு மயிலைக்காளை. இரட்டைப்பிள்ளைகளில் ஒருத்தியான கோமு, வந்து நின்றவுடனேயே சொல்லிவிட்டாள்: "நான் ஒத்தையில்லக்கா. அவ தூத்துக்குடில கட்டிக்கொடுத்த எடத்துல இருக்கா. அம்மா போகச் சொன்னான்னுதான் வந்தேன்."

முள் அசையவில்லை.

ஞானப்பிரகாசம் வாத்தியார் இஸ்திரிப் பெட்டி போட்ட வேட்டியும் கழுத்தில் பவுடருமாக வந்தார். அவர் மனைவி தவறி வருடங்கள் ஆகியிருந்தன. வடிவு நல்ல மாதிரி என்பது அவர் அபிப்பிராயம்.

"சும்மா ஓர் அறிவியல் ஆர்வம்தான்," என்று கூட்டத்துக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

முள் வடிவையே பார்த்தது.

"அசையலியே வாத்தியார்வாள்," என்றார் கொம்பையா.

"காற்று அடிக்கிறது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாமே?"

"பின்னால மாடு நிக்கி. அது எம்புட்டு நேரம் நிக்கும்?"

வாத்தியார் நகர்ந்து, குழவி வைத்திருந்தவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் செருப்புகள் தங்களுக்குள் பேசி முடித்து ஜோடி ஜோடியாகப் போய்விட்டன. சில ஜோடிகளில் இரண்டுமே இடதுகால். அது அவரவர் சௌகரியம்.

அதற்கடுத்த நாள் வடிவு திசைகாட்டியோடு தெருத்தெருவாகப் போனாள். மேலத்தெருவில் முள் அவளைப் பார்த்தது. திரும்பிக் கீழத்தெருவில் நடந்தாள். அங்கேயும் முள் அவளையே பார்த்தது. முள் காட்டுவது வடக்கு. வடக்கு எப்போதும் தனக்குப் பின்னாலேயே இருந்ததால், இந்த ஊரில் எல்லாத் தெருவும் தெற்கே போகின்றன என்று புரிந்துகொண்டாள். கேட்டபோது தபால்காரரும் ஆமோதித்தார். திரும்பி வரும்போதுகூடத் தெற்கேதான் போகவேண்டியிருக்கிறது, அதனால்தான் இந்த ஊரில் தபால் கொடுத்து முடிக்க நேரமாகிறது என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஜோடி கிடைக்கவில்லை. இருட்டறையை மூடுவதற்கு முன்னால் வடிவு மேசையருகே கொஞ்சநேரம் நின்றாள். புள்ளி ஓரத்தை நெருங்கியிருந்தது. சுற்றிலும் பருக்கைகள் பொங்கி அமுங்கின. மற்ற ஜோடிகள் வந்தார்கள், போனார்கள். அது மட்டும் சந்தின் முனையில், கடைசி பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல நின்றது.

"நாளைக்கு ஒருத்தர் வருவாரு," என்றாள் வடிவு. "நல்ல மனுசராத்தான் தெரியுது. பயப்படாத."

'நாளைக்கு வாரேன்' என்பதை அன்று அவளால் சொல்ல முடியவில்லை.

சீதாபதி சொன்னபடி வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடி, கையில் மூடி போட்ட வாளி. தோணியில் ஏறும்போது வாளியை மடியில் வைத்துக்கொண்டார், குளத்துத் தண்ணீர் கலந்துவிடக் கூடாதாம். அதே தோணியில் மதினியும் தூக்குவாளிகளோடு வந்தாள். வெளியூரிலிருந்து வருகிற அதிகாரிக்குச் சோறு போடாமல் அனுப்புவது அந்த வீட்டு வழக்கமில்லை. அன்றைக்குச் சொதி வைத்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்திருந்தாள்.

சீதாபதி முதலில் இருட்டறைக்குப் போய்ப் புள்ளியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அழகா இருக்கும்மா."

"ஆமா சார்."

"ஜோடி?"

"கிடைக்கலை சார்."

அவர் வாளியின் மூடியைத் திறந்து, துணியை நனைத்து, விளிம்பில் தொங்கவிட்டார். "ஊறட்டும். சாப்பிட்டுட்டு வந்துடலாம். வெறும் வயித்தோட இதச் செய்யக் கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க."

வெளி வராந்தாவில் இலை போட்டாயிற்று. துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. வடிவுக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை, ஆனால் மதினி விடமாட்டாள். கை கழுவப் போகும்போதுதான் உள்ளங்கையில் இன்னும் திசைகாட்டி இருப்பதைப் பார்த்தாள். இத்தனை நாளில் அதை வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. தூங்கும்போதுகூடத் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

"இதக் கொஞ்சம் பிடிங்க மதினி."

மதினி இடதுகையில் அதை வாங்கிக்கொண்டு, வலதுகையால் சீதாபதிக்குச் சொதி ஊற்றினாள். வடிவு குழாயடிக்குப் போனாள். மதினி கையைப் பார்த்தாள். வடிவு கழுவிவிட்டுத் துண்டு எடுக்க அந்தப் பக்கம் போனாள். மதினி மறுபடியும் பார்த்தாள்.

"ஏளா வடிவு."

"என்ன மதினி?"

"இது ஒன்னையேல்லா பாக்கு."

வடிவு நின்றாள். சீதாபதி பிசைந்த கையோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் அந்தத் தூண் பக்கம் போங்க."

போனாள். முள் போனது.

"இப்போ படிப்பக்கம்."

முள் வந்தது.

"மெதுவா ஒரு சுத்து சுத்தி வாங்க."

வடிவு மதினியைச் சுற்றி வந்தாள், கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி. முள்ளும் கூடவே சுற்றி வந்து நின்றது. கொம்பையா தோணியிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, "ஊரையே வச்சுப் பாத்தோம். வச்சவளுக்கு வச்சுப் பாக்கலியே," என்றார்.

சீதாபதி உட்கார்ந்து சாப்பாட்டை முடித்தார். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார். கை கழுவிவிட்டு உள்ளே போய், ஊறிய துணியை எடுத்து நன்றாகப் பிழிந்தார். முகத்திலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"இதை எங்கம்மா காயப்போடறது?"

வடிவு சுற்றிலும் பார்த்தாள். கொடி ஏதும் இல்லை. ஆனால் அவளுடைய வலது தோளிலிருந்து ஒன்று கிளம்பி, வராந்தாவைத் தாண்டி, தண்ணீருக்கு மேலாக வளைந்து, சூரியன் இருக்கிற திசைக்குப் போயிருந்தது. சணல் கயிற்றின் பருமன் இருக்கும். இரண்டு காலும் யார் யாரென்று தெரிந்த பிறகு நடுவிலுள்ள வளைவு தெரிவதில் தடையில்லை.

"அதுலயே போடுங்க சார்."

அவர் துணியை உதறி அதன் மேல் போட்டார். அது உடனே காய்ந்துவிட்டது. மடித்து வாளிக்குள் வைத்துக்கொண்டு தோணியில் ஏறும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"வடக்கும் தெற்கும் ரொம்பக் கிட்ட வந்தா ரெண்டுமே இல்லாமப் போயிடும். தெரியும் உங்களுக்கு. லீவுக்கு நீங்க எங்க வேணும்னாலும் போங்க. மேல மட்டும் போக வேண்டாம்."

"போகலை சார்."

அவரைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி திரும்புகிறவரைக்கும் மதினி வராந்தாவில் உட்கார்ந்து வளைவை அண்ணாந்து பார்த்தாள்.

"எம்புட்டு தூரம் இருக்கும்?"

"பதினஞ்சு கோடி கிலோமீட்டர் மதினி."

"தூரந்தான்." யோசித்தாள். "மாமியார் உண்டா?"

"தெரியல. யாரும் கண்ணுல படல."

"வெளிச்சமான எடம். கரண்டு பில்லு கெடையாது." தூக்குவாளியை மூடினாள். "பொருத்தம் பாக்கணும்னு இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வடிவு இருட்டறைக்குப் போனாள். புள்ளி ஓரத்தை விட்டு வந்து நடுவில் நின்றது. சூரியன் அதன் அடியில் தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கால் ஊன்றின பிறகு புள்ளி எதற்குத் திரும்ப வேண்டும்? வடிவு ஸ்டூலை இடப்பக்கம் நகர்த்திப் போட்டாள். புள்ளியும் ஒரு நூல் இடப்பக்கம் வந்தது.

"நாளைக்கு வாரேன்," என்றாள்.

ஞானப்பிரகாசம் வாத்தியார் விஷயம் கேள்விப்பட்டு நேரில் வந்து வாழ்த்திவிட்டுப் போனார். நல்ல மனிதர். போகும்போது குழவிக்காரர் வீட்டில் ஒரு தங்கை இருப்பதாக மதினி அவரிடம் சொன்னாள்.

பிறகு ஐப்பசி பிறந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது, வீட்டில் துவைத்ததெல்லாம் ஈரவாடையோடு கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வடிவு எண்ணெய் தேய்த்துக் குளிக்க லீவு போட்டிருந்தாள். கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்த நேரம் பார்த்து, தலையை ஆற்றிக்கொண்டு புறவாசல் கல்லில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். மதினி அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வளைவில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். முதலில் கைக்குட்டைகள், பிறகு அண்ணனின் சட்டைகள், சேலை. கடைசியில், முக்காலி மேல் ஏறி, அண்ணனின் கம்பளிப் போர்வையை அப்படியே தூக்கிப் போட்டாள்.

வளைவு தொய்ந்தது. சூரியன் உச்சியிலிருந்து இறங்கி, பனைமரக் கொண்டைகளுக்கு வந்து நின்றது. குளத்துக் கொக்குகள் கூட்டமாக மரத்துக்குத் திரும்பின. எதிர்வீட்டில் விளக்கேற்றினார்கள். தூரத்தில் பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தது.

"பிழிஞ்சு போடக் கூடாதா மதினி?" என்றாள் வடிவு.

"ஒத்தையில இதப் பிழிய முடியுமாட்டி? ஒரு முனையப் பிடி."

வடிவு முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாகப் போர்வையைக் கீழே இறக்கி முறுக்கினார்கள். சூரியன் மெதுவாக மேலே ஏறியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பாதித் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, திரும்பி நடந்தார்கள்.